தாமரையும் மீனும்: சீன ஜன்னல் பூ வெட்டும் முழுமையான வழிகாட்டி

18 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம். மேலே விரிந்த தாமரை, கீழே உடம்பை வளைத்து நீந்தும் மீன், இரு பக்கமும் ஒவ்வொரு இலை. எல்லாம் ஒரே சிவப்புத் தாளில், எங்கேயும் ஒட்டுப் போடாமல். சீனாவில் இதை ஜன்னலில் ஒட்டுவார்கள். அதனால்தான் 'சுவாங்ஹுவா', அதாவது ஜன்னல் பூ, என்று பெயர். காகிதம் வெட்டும் கலைக்குப் பொதுப்பெயர் 'ஜியென்ஜி'.

புதிதாகக் கற்க வருகிறவர்களோடு உட்கார்ந்து வெட்டியதில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கை நடுங்கிப் படம் கெடுவது குறைவு. பெரும்பாலும் கத்தியை எடுக்கும் முன்பே, பென்சில் வரைவிலேயே கெட்டுப்போயிருக்கும். அதனால் கீழே வரும் 4, 5, 6 ஆகிய பகுதிகளை அவசரமில்லாமல் படியுங்கள். முதல் படத்துக்கு இரண்டு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்: ஒன்று வரைய, இன்னொன்று வெட்ட.

1. எந்தச் செடி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கலையில் செடி வெறும் அலங்காரம் இல்லை. ஒரு வாழ்த்தைச் சொல்ல வந்தது. அந்த வாழ்த்து பல சமயம் ஒலியில்தான் ஒளிந்திருக்கும். தாமரைக்குச் சீன மொழியில் 'லியென்'. 'தொடர்ந்து' என்பதற்கும் அதே ஒலி. மீனுக்கு 'யூ'. 'மிச்சம்' என்பதற்கும் 'யூ'தான். இரண்டையும் சேர்த்து வெட்டினால் 'ஆண்டுதோறும் வீட்டில் மிச்சம் இருக்கட்டும்' என்று ஆகிறது. மீன் வரைய வரவில்லை என்று அதை எடுத்துவிட்டு ஒரு பறவையை வைத்தால் படம் அழகாக இருக்கலாம். ஆனால் இந்த வாழ்த்து போய்விடும்.

சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத பூ என்ற எண்ணம் நமக்குப் பழக்கம். சீனர்களிடமும் அது உண்டு. ஆனாலும் இந்தப் படத்தில் வேலை செய்வது அது இல்லை, ஒலிதான்.

வேறு செடிகளை எடுக்க விரும்பினால்: 'மேய்' பூவின் ஐந்து இதழ்கள் ஐந்து பேறுகளைக் குறிக்கும். நீண்ட ஆயுள், செல்வம், நோயில்லா வாழ்வு, நற்பண்பில் நாட்டம், காலம் வந்து அமைதியாக வரும் சாவு என்பவை அவை. இது பனிக்காலம் முடியும் முன்பே இலையில்லாத கிளையில் பூக்கும் பிளம் வகை. மூங்கில் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் அடக்கத்துக்கும், கணு இருப்பதால் நேர்மைக்கும் அடையாளம். மாதுளையின் விதைகள் பிள்ளைப்பேற்றுக்கு. பியோனி மலர் செல்வத்துக்கும் உயர்வுக்கும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்று. பேரிக்காய்க்கு 'லீ' என்று பெயர். பிரிவு என்பதற்கும் அதே ஒலி என்பதால் தம்பதிக்குத் தரும் படத்தில் அது வேண்டாம். சாமந்தி நீண்ட ஆயுளுக்கு உரியதுதான், ஆனால் வெள்ளைச் சாமந்தி கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ. வெள்ளைத் தாளும் துக்கத்தின் நிறம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்குப் புத்தாண்டன்று கொடுக்க நினைத்து வெட்டுகிறீர்கள் என்றால் சிவப்பைத் தாண்டி வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

2. வேண்டியவை

தாள்: மெல்லிய சிவப்புத் தாள். சீனாவில் இதற்குச் சுவான் தாள் கிடைக்கும். இங்கே ஓரிகாமித் தாளோ, கடைகளில் கிடைக்கும் மெல்லிய கிளேஸ் பேப்பரோ போதும். சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். தடிமனான தாளில் வளைவு வெட்டும்போது கத்தி வழியை விட்டு விலகிப் போகும், மடித்தால் விரல் வலிக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் 80 கிராம் தாள்கூட மடிப்பு வெட்டுக்குக் கொஞ்சம் கனம்தான்.

வாங்கியதும் ஈரவிரலால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் விரலில் ஒட்டினால் அந்தத் தாள் வேண்டாம். கடைசியில் பசை தடவும்போது பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும்.

கத்தரி: கைக்கு அடங்கிய, முனை கூர்மையான சின்னக் கத்தரி. முனை வரைக்கும் இரண்டு அலகும் சேர்ந்து மூட வேண்டும். ஒரு தாளை முனையால் மட்டும் வெட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கத்தி: பேனா போலப் பிடிக்கும் கட்டர், 30 டிகிரி சாய்வுள்ள பிளேடு. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று பிளேடாவது ஆகும். கீழே வைக்கக் கட்டிங் மேட். சீனக் கைவினைஞர்கள் மெழுகோடு சாம்பல் கலந்து உறைய வைத்த பலகையில் வெட்டுவார்கள். கத்தி அதில் லேசாக இறங்கி நிற்கும், முனையும் மழுங்காது. மரப்பலகையில் வெட்டினால் மரத்தின் ரேகை பிளேடைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இவற்றோடு ஸ்டேப்ளர், ஊசி, சாமணம், சிவப்புக் கலர் பென்சில். கடைசியாகச் சொன்னது ஏன் என்று 6ஆம் பகுதியில் தெரியும்.

3. கை பழக ஒரு மேய் பூ

நேராகத் தாமரைக்குப் போகாதீர்கள். முதலில் ஐந்து மடிப்பில் ஒரு மேய் பூ. பதினைந்து நிமிட வேலை, கத்தரி எப்படி நடக்கிறது என்பது கைக்குப் பிடிபடும்.

15 செ.மீ. சதுரத் தாளை மூலைவாட்டில் முக்கோணமாக மடியுங்கள். நீளமான மடிப்பு விளிம்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். அதன் நடுப்புள்ளியைக் குறியுங்கள், பூவின் மையம் அதுதான். வலது பாதியை மையத்திலிருந்து தூக்கி இடப்பக்கம் சாய்த்து மடியுங்கள். இடது ஓரத்தில் மிஞ்சும் ஆப்பு, மடித்து வந்த பகுதியின் அகலத்தில் சரிபாதி இருக்க வேண்டும். கோணமானியில் சொன்னால் மிஞ்சுவது 36 டிகிரி, மடித்தது 72.

பாதிக்கு வந்ததா என்று சரிபார்த்த பிறகே மடிப்பை அழுத்துங்கள். ஐந்து மடிப்பு கெடுவது எப்போதும் இந்த ஓர் இடத்தில்தான். இங்கே கொஞ்சம் தவறினாலும் கடைசியில் ஓர் இதழ் மட்டும் ஒல்லியாக நிற்கும்.

அப்புறம், மடித்து வந்த பகுதியின் இடது விளிம்பை வலது மடிப்போடு பொருந்தும்படி திருப்பி மடியுங்கள். இடது ஆப்பை உள்பக்கம் மடித்து மேலே போடுங்கள். இப்போது கிடைக்கும் வடிவத்தை நடுவில் பாதியாக மடித்தால் பத்து அடுக்கு கொண்ட ஒல்லியான ஆப்பு கையில் இருக்கும்.

இனி ஒரே ஒரு வெட்டு. ஒரு விளிம்பில் மையத்திலிருந்து 5 செ.மீ. உயரத்திலும், மறு விளிம்பில் 3 செ.மீ. உயரத்திலும் புள்ளி வைத்து இரண்டையும் வில்போல் வளைவாக இணையுங்கள். எந்த விளிம்பு உயரம் என்பது பிரச்சினை இல்லை, இரண்டு வகையிலும் ஐந்து இதழ் வரும்.

உயரமான விளிம்பை உங்கள் கோடு எப்படித் தொடுகிறது என்பதைக் கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். விளிம்புக்குச் செங்குத்தாகத் தொட்டால் விரிக்கும்போது இதழ் நுனி உருண்டையாக வரும். அதுதான் மேய். மேல்நோக்கி ஏறிக்கொண்டே தொட்டால் நுனி கூராகும், பீச் மரத்துப் பூ மாதிரி தெரியும். கீழே சரிந்து தொட்டால் நுனியில் ஒரு பிளவு விழும், அது செர்ரிப் பூ. கத்தரியின் கடைசி 2 மி.மீ. நகர்வில் பூவின் இனமே மாறிவிடுகிறது! மூன்றையும் ஒரு தடவை வெட்டிப் பாருங்கள். பிறகு மறக்காது.

வெட்டும்போது கத்தரி ஒரே இடத்தில் நிற்கட்டும், மறு கையால் தாளைத் திருப்புங்கள். கத்தரியைத் திருப்பினால் அலகு சாய்ந்து, மேல் அடுக்கு இதழ் பெரிதாகவும் கீழ் அடுக்கு இதழ் சிறிதாகவும் போகும்.

4. எது நிற்கும், எது விழும்: இரண்டு வெட்டு முறைகள்

இந்தக் கலையின் இலக்கணம் இரண்டே வகை. யாங் வெட்டில் கோடு நிற்கும், மற்றதெல்லாம் விழும். யின் வெட்டில் கோடு விழும், மற்றதெல்லாம் நிற்கும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. யாங் வெட்டில் எல்லாக் கோடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் இழை அறுபடாமல் ஓடுவது போல. யின் வெட்டில் கோடுகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரண்டு யின் கோடுகள் சேர்ந்து ஒரு வளையத்தை மூடிவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே கீழே விழும்.

ஒரு பெண் மாலை முழுக்க உட்கார்ந்து மீனின் செதில்களைப் பொறுமையாக வெட்டி முடித்தார். கடைசியாகக் கண்ணுக்கு ஒரு வட்டக் கோடு வெட்டினார். தாளைத் தூக்கியதும் கருவிழி மேசையில் கிடந்தது. வட்டத்தை முழுதாக மூடாமல் மேல் பக்கம் 2 மி.மீ. விட்டிருந்தால் கருவிழி அங்கே தொங்கியிருக்கும். எட்ட நின்று பார்ப்பவருக்கு அந்த இணைப்பு தெரியவே தெரியாது.

தாமரை மீனுக்கு இரண்டையும் கலந்துதான் பயன்படுத்துவோம். இதழ்கள் யாங். அவை லேசாகவும் காற்றோட்டமாகவும் தெரிய வேண்டும். மீனின் உடம்பு யின். அது கனமாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் யாங்கில் வெட்டினால் படம் கம்பிவலை போல் ஆகிவிடும், எல்லாம் யின் என்றால் சிவப்புத் திட்டாகத் தெரியும்.

உள்ளே நிரப்ப இரண்டு வெட்டுகள் போதும். ஒன்று பிறை: நடுவில் அகலம், இரு முனையும் கூர். செதிலுக்கும் இதழின் மடிப்புக்கும் இது. இன்னொன்று ரம்பப்பல்: ஒரு வளைவான ஓரத்தில் நெருக்கமாக வெட்டிய கூரான பற்கள். இதழின் அடிப்பகுதியிலும் மீனின் துடுப்பிலும் வைத்தால் நிழல் விழுந்ததுபோல் இருக்கும். பல் ஒவ்வொன்றும் வளைவின் மையத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டினால் சீப்பு மாதிரி ஆகிவிடும். பழைய தாளில் இரண்டையும் இருபது தடவையாவது வெட்டிவிட்டு மேலே போங்கள்.

5. வரைதல்

சிவப்புத் தாளில் நேரடியாக வரையாதீர்கள், அழித்து அழித்துத் தாள் தேய்ந்துவிடும். சாதாரண வெள்ளைத் தாளில் வரைந்து, அதைச் சிவப்புத் தாளின் மேல் வைத்துச் சேர்த்து வெட்டுவதுதான் நல்ல முறை.

வரிசை இது:

18 செ.மீ. வட்டம், அதற்குள் 5 மி.மீ. அகலத்தில் ஒரு வளையம். இதுதான் சட்டம். மற்ற எல்லாம் கடைசியில் இதில்தான் தொங்கப் போகிறது.

மேல் பாதியில் தாமரை, ஏழு இதழ். நடு இதழும் இரண்டு ஓர இதழ்களும் சட்டத்தைத் தொடட்டும். வெறுமனே தொடுவது போதாது, 3 மி.மீ. அகலத்துக்குச் சட்டத்தோடு கலந்துவிட வேண்டும். புள்ளியாகத் தொட்டால் பிரிக்கும்போதே அறும்.

கீழே மீன். தலை ஒரு பக்கம், வால் மேலே வளைந்து மறு பக்கம். முதுகுத்துடுப்பு தாமரையின் கீழ் இதழைத் தொடட்டும், வாலும் வயிற்றுத்துடுப்பும் சட்டத்தை. தாமரைத் தண்டு மீனுக்குப் பின்னால் போய் அடியில் சட்டத்தில் இறங்கட்டும். இலைகள் பக்கவாட்டு வெற்றிடத்தில்.

யாங் கோடு எதுவும் 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். பழகியவர்கள் முடி அகலத்துக்கு வெட்டுவதைப் பார்த்துவிட்டு முதல் படத்திலேயே முயற்சி செய்தால் தாள் கிழிந்து மனசு விட்டுப்போகும்.

தாமரையின் நடுவில் விதைக்காய் வரையலாம், அதற்கும் தனி அர்த்தம் உண்டு. தாமரை விதை 'லியென்ட்ஸ்', 'தொடர்ந்து பிள்ளைகள்' என்பதற்கும் அதே ஒலிதான். விதைகளை வட்டமாக வரையாமல் துளி வடிவில் வரையுங்கள். கத்தியால் சின்ன வட்டம் வெட்டுவதுதான் இருப்பதிலேயே கடினம்.

படத்தில் சீன எழுத்து எதையாவது சேர்த்து, அதைச் சிவப்புத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தால், திருப்பும்போது எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிவிடும். வரைவு எப்போதும் முன்பக்கத்தின் மேலேயே இருக்கட்டும்.

6. விரல் சோதனை

இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். நிற்க வேண்டிய பகுதி முழுவதையும் சிவப்புப் பென்சிலால் நிரப்புங்கள். பிறகு சட்டத்தில் விரலை வைத்து, சிவப்பை விட்டு விலகாமல் படம் முழுக்க நகர்த்துங்கள். இதழ், விதைக்காய், கருவிழி, இலை நரம்பு என்று எல்லா இடத்துக்கும் விரல் போய்ச் சேர வேண்டும். போக முடியாத சிவப்பு எதுவோ அது விழப்போகிறது. அங்கே ஒரு பாலம் போடுங்கள்.

அடுத்து, பெரிய பகுதி ஒவ்வொன்றும் எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே இடத்தில் பிடித்தது விழாது, ஆனால் தூக்கும்போது மடங்கித் தொங்கும். ஒட்டும்போது எந்தத் திசையில் இருந்தது என்றே தெரியாமல் போகும். மூன்று பிடி இருந்தால் அந்தப் பகுதி தட்டையாக நிற்கும்.

7. அடுக்கிக் கட்டுதல்

மேலே வரைவு, அதன் கீழ் இரண்டு அல்லது மூன்று சிவப்புத் தாள். ஒரே முயற்சியில் இரண்டு மூன்று படம் கிடைக்கும் என்பது ஒரு லாபம். மெல்லிய தாள் தனியாக இருப்பதைவிட அடுக்கில் விறைப்பாக இருந்து நன்றாக வெட்டுப்படும் என்பதே முக்கியக் காரணம். மழைக்காலத்தில் தாள் துவண்டு இருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வட்டத்துக்கு வெளியே நான்கு இடத்தில் ஸ்டேப்ளர் பின் போடுங்கள். உள்ளேயும், விழப்போகும் பெரிய வெற்றிடங்களில் இரண்டு மூன்று போடுங்கள். வெளியே மட்டும் போட்டால் நடுவில் தாள்கள் நழுவி, அடித் தாளில் மீனின் கண் கன்னத்தில் வந்து நிற்கும். பழைய முறையில் ஊசியால் குத்தி, முறுக்கிய காகிதத் திரியை ஓட்டைக்குள் செலுத்திக் கட்டுவார்கள். வெட்டும்போது கத்தி பட்டாலும் பிளேடு உடையாது என்பது அதன் வசதி.

8. வெட்டும் வரிசை

உள்ளிருந்து வெளியே, சிறியதிலிருந்து பெரியதுக்கு. முதலில் விதைகள், கண், செதில்கள், ரம்பப்பற்கள். அடுத்து இதழ்களின் உட்பகுதி, இலை நரம்புகளின் இடைவெளி. அப்புறம் பூவுக்கும் மீனுக்கும் நடுவே உள்ள பெரிய வெற்றிடங்கள். வெளிவட்டம் கடைசி.

காரணம் எளிது. தாள் முழுசாக இருக்கும்போதுதான் நுணுக்கமான வேலையைத் தாங்கும். பெரிய வெற்றிடத்தை முதலில் வெட்டிவிட்டால் மீதி எல்லாம் நூலில் ஆடும் ஊஞ்சல் போல ஆகிவிடும். பின் போட்ட இடங்களும் முதலிலேயே போய்விடும். புதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே வெளிவட்டத்தில் தொடங்குகிறார்கள், உருவம் சீக்கிரம் தெரிய வேண்டும் என்ற ஆசை. கொஞ்சம் பொறுங்கள்.

கத்தியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் அடித்தாளில் கோட்டின் அகலம் மாறும். பிறையை வெட்டும்போது கூர்முனையில் கத்தியை வைத்து நடுவை நோக்கி இழுங்கள், பிறகு மறு முனையிலிருந்தும் அதேபோல். கூர்முனையில் கொண்டுபோய் முடித்தால் கத்தி வழுக்கி முனையைத் தாண்டிவிடும்.

துண்டு வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். நிறைய இதழ்கள் அறுவது வெட்டும்போது இல்லை, இப்படி இழுக்கும்போதுதான். மறுபடி கத்தியை அதே முனையில் வைத்து ஒரு தடவை அழுத்துங்கள், தானாக வரும்.

பிளேடு கூர்மையாக இருக்கும்போது சத்தமே இருக்காது. 'சரக்' என்று கேட்க ஆரம்பித்தால் அது வெட்டவில்லை, கிழிக்கிறது. உடனே மாற்றிவிடுங்கள்.

9. பிரித்து ஒட்டுதல்

வெளிவட்டம் வெட்டியதும் அடுக்கு உங்கள் கையில். இங்கேதான் அவசரம் வரும். அடுக்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து லேசாக நெளித்துவிடுங்கள், வெட்டு விளிம்புகள் ஒன்றையொன்று விடும். பிறகு சட்டத்தின் ஓர் ஓரத்தைச் சாமணத்தால் தூக்கி, மெதுவாக வாயால் ஊதிக்கொண்டே பிரியுங்கள். இதழைப் பிடித்துத் தூக்காதீர்கள், எப்போதும் சட்டத்தையே பிடியுங்கள்.

பிரித்ததை ஒரு கனமான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி வையுங்கள்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சிய பசை நல்லது, கெட்டியாக இருக்கட்டும். படத்தின் பின்பக்கம் ஊசிமுனையால் புள்ளி புள்ளியாக, இணைப்புகள் உள்ள இடங்களிலும் சட்டத்திலும் மட்டும் வையுங்கள். முழுக்கத் தடவினால் மெல்லிய தாள் ஈரத்தில் விரிந்து சுருங்கும். நடுவில் தொடங்கி வெளியே அழுத்திக்கொண்டு போங்கள்.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவதாக இருந்தால் அறைக்குள் இருந்து ஒட்டுங்கள். பகலில் வெளிச்சம் வெற்றிடங்கள் வழியாக உள்ளே வரும்போதுதான் விட்ட இடத்துக்கும் வெட்டிய இடத்துக்கும் உள்ள அர்த்தம் புரியும்.

பல நிறத்தில் வேண்டும் என்று வாட்டர் கலரை எடுக்காதீர்கள், ஓடிக் கலந்துவிடும். ஹெபெய் மாகாணத்தின் யூஷியென் வட்டாரத்தில் வெள்ளைச் சுவான் தாளை வெட்டிவிட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள். சாயத்தில் சாராயம் கலப்பதால் அது பல அடுக்குக்குள்ளும் ஒரே சீராக இறங்கும். சாயம் பிடிக்க இடம் வேண்டும் என்பதால் அவர்கள் பெரும்பாலும் யின் முறையில்தான் வெட்டுகிறார்கள். முதலில் ஒற்றைச் சிவப்பில் கை படியட்டும்.

10. அறுந்துபோனால்

வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு யாங் கோடு அறுந்தால் உடனே ஒட்ட வேண்டாம். அதன் இணையான கோட்டையும் அதே இடத்தில் அறுத்து, இரண்டு முனைகளையும் கூராக்கிவிடுங்கள். இதழ் நுனி போலவோ புல் நுனி போலவோ அது படத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் அதைச் செய்வதற்கு முன் விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள். அந்தக் கோடு எதையாவது தாங்கிக்கொண்டிருந்ததா என்று பார்க்க வேண்டும்.

தாங்கும் கோடே அறுந்துவிட்டதென்றால், வெட்டி விழுந்த சிவப்புத் துண்டுகளில் ஒன்றை 2 மி.மீ. அகலத்துக்கு நறுக்கிப் பின்பக்கம் ஒட்டுங்கள். அதற்காகவே விழுந்த துண்டுகளைப் படம் ஒட்டி முடியும் வரை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அதே தாள், அதே நிறம், வேறு எங்கு தேடினாலும் கிடைக்காது.

கருவிழி விழுந்துவிட்டால் அதையும் அந்த டப்பாவிலேயே தேடுங்கள். ஒட்டும் நாளன்று வெற்றிடத்தின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் மேலே தள்ளி ஒட்டுங்கள், மீன் தாமரையைப் பார்ப்பதுபோல் இருக்கும்.